கீழத்தெருவுக்குப் புதுத்துணி

சந்தேகப்படுவது பிலோமிக்குப் பிறவிக்குணம். கறிவேப்பிலைக்காரி கொசுறாக ஒரு கொத்து கூடப் போட்டால்கூட, வாடலைத் தள்ளிவிடுகிறாளோ என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் கண்ணில், கிறிஸ்மஸுக்கு முதல் நாள் மத்தியானம், வீட்டு மூலையில் வெள்ளை வேட்டியில் கட்டிய இரண்டு மூட்டை பட்டால் சும்மா விடுவாளா? குனிந்து ஒரு முடிச்சைத் தளர்த்தி உள்ளே விரலை விட்டாள். கஞ்சி மொடமொடப்போடு புதுத்துணி. ஊதாவில் வெள்ளைப் பூப்போட்ட சின்னச் சின்னக் கவுன்கள், அதே துணியில் பையன்களுக்குச் சட்டை.

"அம்மா, இது ஏது?"

"சாமியார் குடுத்துவுட்டாரு. பிள்ளைங்களுக்கு" என்று அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள் சவரியம்மாள். முகத்தைக் காட்டவில்லை.

சவரியம்மாள் மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிறவள். படித்து வாங்கிய பட்டம் எதுவும் கிடையாது. ஆனாலும் சுற்றுப்பட்டுக்கெல்லாம் அவள்தான் நர்சம்மா. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவள். மார்கழி பிறந்தால் மாதா கோயிலைச் சுற்றியிருக்கிற வீடுகளில் ஏறி இறங்கிப் பழந்துணி சேர்ப்பாள். சலவைச் சோடாவில் ஊறப்போட்டு வெளுத்து, அறுந்த பட்டனைத் தைத்து, கிறிஸ்மஸுக்கு முதல் நாள் கீழத்தெருப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பிலோமியும் கூடப் போகிறாள். கேக்கைவிட, குடிலைவிட, அவளுக்குக் கிறிஸ்மஸ் என்றால் அந்தத் தெருவுக்கு அம்மாவோடு போவதுதான். அத்தனை வருஷத்தில் ஒருநாளும் புதுத்துணி போனதில்லை.

காலையில் குடில் கட்டக் கோயிலுக்குப் போனபோது அவள் சாமியாரைக் கேட்டிருக்கலாம். மூட்டையை அப்போது பார்த்திருக்கவில்லை. பார்த்துக் கேட்டிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? அந்தக் கிழவரிடம் எதைக் கேட்டாலும் ஆசீர்வாதம்தான் வரும், பதில் வராது.

"சாமியாருக்கு ஏது இவ்வளவு துணி? குடிலுக்கு வைக்கோல் வாங்கவே மூக்கால அழுதாரு."

"யாரோ புண்ணியவான் குடுத்திருப்பான். உனக்கு எதுக்கு ஆராய்ச்சி? தலையப் பின்னிக்கிட்டு வா. இந்தத் தடவ நீதான் உன் கையால குடுக்கணும்."

"நான் எதுக்கு?"

"டீச்சராகப் போறவ. நாலு பிள்ளைங்களுக்கு உன் முகம் தெரிய வேணாமா?"

டீச்சர் என்ற பேச்சு வந்ததும் பிலோமி சீப்பை எடுத்துக்கொண்டாள். ட்ரெயினிங் முடித்து வீட்டில் உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஊரில் இருக்கிற ஒரே பள்ளிக்கூடம் மிராசுதார் குஞ்சிதபாதம் நடத்துவது. சம்பளம் சர்க்கார் கொடுக்கும், ஆளை வைப்பது மட்டும் அவர் இஷ்டம். கழகம் ஆட்சிக்கு வந்து இது மூன்றாவது மார்கழி. மந்திரிகள் மாறினார்கள், கொடி மாறியது, ராஜ்யத்தின் பெயரே மாறியது, அந்தப் பள்ளிக்கூடத்து மேனேஜர் நாற்காலி மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. அந்த நாற்காலிக்கு எதிரே எத்தனை தடவை அம்மாவும் மகளும் கைகட்டி நின்றிருப்பார்கள்! ஒவ்வொரு தடவையும் "பார்க்கலாம்" என்பார். போன வாரம் மட்டும் சவரியம்மாள் தனியாகப் போய்விட்டு வந்து, "தை பொறக்கட்டும்னாரு. இந்தத் தடவ நிச்சயம்" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் போய்க் கை கால் கழுவினாள். நல்ல சேதி கொண்டுவந்தவள் ஏன் சிரிக்கவில்லை என்று பிலோமி அன்றைக்கே யோசித்தாள். கேட்கவில்லை.

மூட்டைகளைச் சைக்கிள் கேரியரில் ஒன்று, ஹேண்டில்பாரில் ஒன்று என்று கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சைக்கிளைப் பிலோமி தள்ளினாள். சவரியம்மாள் பின்னால் மூட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாய்க்கால் கரைதான் பாதை. வலதுபக்கம் பூராவும் குஞ்சிதபாதத்தின் நிலம். முன்பட்டமாக நட்ட சம்பா பழுத்துத் தலை சாய்த்துக்கொண்டிருந்தது. பொங்கலுக்கு முன்னால் அறுத்தாக வேண்டும். அறுக்கத்தான் ஆளில்லை. கூலியில் அரை லிட்டர் நெல் கூட வைத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று கீழத்தெரு சொல்லிவிட்டது. வெளியூர் ஆளைக் கொண்டுவந்து அறுப்பேன் என்று பண்ணை சொன்னது. கொண்டுவந்து பார் என்று வயல் வரப்பில் சங்கத்துக்காரர்கள் செங்கொடியை ஊன்றினார்கள். இன்றைக்கு நன்னிலத்தில் தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை. தெருவின் ஆண்கள் எல்லாம் அங்கே போயிருந்தார்கள்.

"ஏம்மா, கீழத்தெருவுக்கு மட்டும்தான் குடுக்கிறோமா? கோயில் பின்னால இருக்குற பிள்ளைங்களுக்கு?"

"அவுங்களுக்கு அப்புறம்."

"அங்கயும் கிழிஞ்ச துணியோடதானே திரியுதுங்க. நம்ம வேதக்காரப் பிள்ளைங்க வேற. அவுங்கள வுட்டுட்டு, சண்டை நடக்குற தெருவுக்கு மட்டும் புதுத்துணி வருதுன்னா..."

"இழுத்துப் புடிச்சுத் தள்ளு. மூட்டை சரியுது."

மூட்டை ஒன்றும் சரியவில்லை. அம்மாவுக்குத்தான் குரல் சரிந்தது என்று பிலோமி நினைத்துக்கொண்டாள்.

மதகடியில் நாகநாதன் எதிரே வந்தார். பண்ணையின் காரியக்காரர். கதர்ச் சட்டை, சைக்கிளில் மடக்கிய குடை. எந்த வீட்டில் எந்தக் கோழி எத்தனை முட்டை வைத்தது என்பதுவரை கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். முருங்கைக்கீரையை முந்தானையில் மூடிக்கொண்டு போனால்கூட நிறுத்தி விசாரிக்கிற மனுஷர், சைக்கிளையே மறைத்துக்கொண்டிருந்த இரண்டு மூட்டைகளையும் ஒரு பார்வை பார்த்தார்.

"போயிட்டு வாங்க, சவரியம்மா. நல்ல நாளு" என்றார். சைக்கிளை ஒதுக்கி வழிவிட்டார். அவ்வளவுதான். என்ன மூட்டை, எங்கே போகிறது, ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாகநாதன் ஒன்றைப் பற்றிக் கேட்கவில்லை என்றால் அது அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. பிலோமி திரும்பிப் பார்த்தாள். அவர் போய்விடவில்லை. சைக்கிளைத் திருப்பி, மதகைத் தாண்டி, அக்கரைப் பாதையில் மெதுவாக அவர்களுக்குச் சமமாக வந்துகொண்டிருந்தார்.

"அம்மா, உண்மையச் சொல்லு. இது பண்ணை குடுத்ததுதானே?"

"சாமியார் குடுத்ததுன்னு எத்தனை தடவ சொல்றது?"

"சத்தியமா?"

"நாளைக்குப் பொறக்கப்போற பாலன் மேல சத்தியம் பண்ணச் சொல்றியா? பேசாம வாடி."

அதற்கு மேல் கேட்கப் பிலோமிக்குத் தைரியம் வரவில்லை என்பதுதான் நிஜம். ஆமாம் என்று அம்மா சொல்லிவிட்டால் சைக்கிளைத் திருப்ப வேண்டியிருக்கும். திருப்பினால் தை மாசம் என்ன ஆகும்? தெரியாமல் இருப்பதில் ஒரு சௌகரியம் இருந்தது. அந்தச் சௌகரியத்தோடு அவள் சைக்கிளைத் தள்ளினாள். ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறவளுக்கு அன்றைக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

கீழத்தெரு வாய்க்காலை ஒட்டியே ஆரம்பிக்கும். மற்ற வருஷங்களில் சைக்கிள் மணி கேட்டதும் பிள்ளைகள் ஓடிவந்து கேரியரைப் பிடித்துத் தொங்குவார்கள். இன்றைக்கு மணி அடித்ததும் இருந்த பிள்ளைகளும் உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்டார்கள். தட்டிக் கதவுகள் சாத்திக்கொண்டன. சாத்திய தட்டியின் இடுக்கிலெல்லாம் கண். போன வருஷம் இதே கிறிஸ்மஸ் அன்றைக்குக் கிழக்கே ஒரு ஊரில் குடிசைக்குள் ஜனங்களை வைத்து எரித்ததிலிருந்து, மார்கழியில் தெருவுக்குள் யார் நுழைந்தாலும் முதலில் கையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். முகத்தைப் பிறகுதான் பார்ப்பார்கள்.

தெரு முனையில் காத்தாயி மட்டும் உட்கார்ந்து நத்தை கழுவிக்கொண்டிருந்தாள். சங்கத்துக்குத் தலைவனாக இருக்கிற வீரையனின் பெண்டாட்டி. வந்தவர்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க, நர்சம்மா. என்னா இந்தப் பக்கம்?"

"என்னா காத்தாயி, தெரியாத மாதிரி கேக்குற? வருஷா வருஷம் வர்றதுதானே. பிள்ளைங்களக் கூப்புடு."

"வருஷா வருஷம் ஒரு மூட்ட வரும். சின்ன மூட்ட. கிழவி மாதிரி தொங்கிக்கிட்டு வரும். இது என்னா, கல்யாணப் பொண்ணு மாதிரி வெறச்சிக்கிட்டு நிக்குது?"

சவரியம்மாள் சிரித்தாள். பிலோமி காதுக்கு அது சிரிப்பாகவே இல்லை. "புதுசுதான். சாமியார் இந்த வருஷம் பிள்ளைங்களுக்குப் புதுசாவே குடுக்கணும்னுட்டாரு."

"ஏன், இந்த வருஷம் பிள்ளைங்க என்னா புதுசா பொறந்துடுச்சுங்க?"

இப்படி இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு தட்டியை நெம்பிக்கொண்டு காத்தாயியின் மகள் தையல்நாயகி வெளியே வந்துவிட்டாள். ஆறு வயசு இருக்கும். இடுப்பில் ஒரு கந்தல் பாவாடை, மேலே ஒன்றும் இல்லை. மார்கழிக் குளிருக்கு இரண்டு கையையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு வந்து சைக்கிள் பக்கத்தில் நின்றாள்.

"இவ கால் முன்னாடி வந்து பொறந்தவ" என்றாள் சவரியம்மாள், குழைந்துகொண்டு. "அன்னிக்கு விடிய விடிய உன் காலடியில உக்காந்திருந்தேனே, காத்தாயி. நான் கொண்டார்றது கெடுதலா இருக்குமா?"

காத்தாயியின் பார்வை பிள்ளைமேல் போனது. அதுதான் சமயம் என்று சவரியம்மாள் மூட்டையை அவிழ்த்து மகளின் விலாவில் இடித்தாள். பிலோமி மேலே இருந்த கவுனை எடுத்துப் பிள்ளையிடம் நீட்டினாள். தையல்நாயகி இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கஞ்சி வாசனையை மோந்து பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் பிலோமிக்கு மனசு இளகிவிட்டது. யார் கொடுத்தால் என்ன, குளிருக்குத் துணி துணிதானே என்று ஒரு நிமிஷம் அவளும் நினைத்துவிட்டாள்.

காத்தாயி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். பிள்ளையிடமிருந்து கவுனைப் பிடுங்கி, இரண்டு தோளையும் பிடித்து ஒரு உதறு உதறினாள்.

மடிப்புக்குள்ளிருந்து ஒரு வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் தரையில் விழுந்தன.

காத்தாயி குனிந்து இன்னொரு கவுனை எடுத்து உதறினாள். அதிலிருந்தும் ஒரு வெற்றிலை, ஒரு பாக்கு. ஒரு சட்டையை உதறினாள். அதிலும்.

"ஏன் நர்சம்மா, உங்க ஏசுசாமி எப்பலேருந்து வெத்தல போட ஆரம்பிச்சாரு?"

தட்டிகள் திறந்தன. பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து வட்டம் கட்டி நின்றார்கள். சவரியம்மாள் பேயறைந்த மாதிரி தரையைப் பார்த்தாள். வெற்றிலை உள்ளே இருப்பது அவளுக்கே தெரியாது என்பது அந்த முகத்தைப் பார்த்த யாருக்கும் விளங்கியிருக்கும். பண்ணை வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஆட்களுக்குத் துணி மடிக்கிறபோது மடிப்புக்குள் வெற்றிலை பாக்கு வைத்தே பழகியவர்கள். இது வேறு பேரில் போகிற துணி, வெற்றிலை வைக்கக் கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கை தன் வழக்கத்துக்கு வைத்துவிட்டது.

காத்தாயி பிலோமியின் பக்கம் திரும்பினாள். "பாப்பா, நீ படிச்ச புள்ள. உனக்குத் தெரியாட்டி தெரிஞ்சுக்க. அறுப்புக்கு முன்னாடி பண்ணை வெத்தல பாக்கோட புதுத்துணி குடுக்கும். அத வாங்குனவன் அந்த வருசத்து அறுப்புக்கு ஆளு. புள்ளைக்கு வாங்குனாலும் வூட்டுக்கே வாங்குன மாதிரி. பேச்சு கெடையாது, கூலி கேக்க முடியாது, அரிவாள எடுத்துக்கிட்டு எறங்க வேண்டியதுதான். இந்த வருசம் ஒரு நூலு வாங்க மாட்டோம்னு சங்கத்துல சத்தியம் பண்ணியிருக்கோம். எம் புருசன் அங்க தாசில்தாருகிட்ட, ஒத்த ஆளு வேலைக்கு வர மாட்டான்னு பேசிக்கிட்டு உக்காந்திருக்கான். இங்க எம் மவ துணிய வாங்கிக் கட்டிக்கிட்டு நின்னா, சாயங்காலத்துக்குள்ள சேதி நன்னிலம் போயிடும். அதோ நிக்கிறாரு பாரு சாட்சி."

அக்கரையில் புங்கமரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு நாகநாதன் நின்றிருந்தார்.

பிலோமி அம்மாவைப் பார்த்தாள். "உனக்குத் தெரியும்" என்றாள்.

சவரியம்மாள் பக்கத்தில் நெருங்கி வந்தாள். பிறகு மகளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அவரு பெருசா ஒண்ணும் கேக்கலையே. 'உன் பொண்ணு கையால துணி போகட்டும், தையில உன் பொண்ணு பள்ளிக்கூடம் வரட்டும்'னாரு. திருடச் சொன்னாரா, கொல்லச் சொன்னாரா? பிள்ளைங்களுக்கும் துணி ஆச்சுன்னு நெனச்சேன்" என்றாள்.

"சத்தியம் பண்ணுனியே."

"பண்ணல. பண்ணச் சொல்றியான்னுதான் கேட்டேன்."

பிலோமிக்கு அம்மாவை அறையலாம் போலக் கோபம் வந்தது. அதே நேரத்தில் அவள்மேல் கோபப்படத் தனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது. கேள்வியைப் பாதியில் விட்டவள் அவள்தானே.

"எடுத்துக் கட்டுங்க, நர்சம்மா. கொண்டுபோயி அவரு தலையிலயே போடுங்க" என்றாள் காத்தாயி.

ஆனால் தையல்நாயகி விடவில்லை. கீழே கிடந்த கவுனை எடுத்து மறுபடியும் மார்போடு அணைத்துக்கொண்டு, தரமாட்டேன் என்று ஓவென்று அழுதாள். காத்தாயி முதுகில் ஒரு அடி வைத்தாள். பிள்ளை இன்னும் இறுக்கிப் பிடித்தது. மற்ற வீட்டுப் பிள்ளைகளும் தாய்மார்களின் முந்தானையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்கள். அடித்த கையாலேயே காத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பழசு கொண்டாந்திருந்தீங்கன்னா வாங்கியிருப்பேனே, பாவி மக்கா. பழசுக்கு ஒரு பேச்சும் கெடையாது. அது தருமம். இத்தன வருசம் வாங்கலையா?"

"எது பழசு, எது புதுசு?" என்று கேட்டாள் பிலோமி.

"இது என்னா கேள்வி? கஞ்சி போனா பழசு. ஒரு தண்ணி பட்டுட்டா அப்புறம் அத யாரும் ஆள் துணின்னு சொல்ல மாட்டாங்க. முந்தா வருசம் எங்க ரெத்தினம் மாமாவுக்கு மழையில நனைஞ்ச வேட்டியக் குடுத்தாங்க. அறுப்புக்குப் போயி நின்னப்ப, நனைஞ்ச துணி வாங்குனவன் எப்படி என் ஆளாவான்னு பண்ணையே வெரட்டிவுட்டுச்சு. களத்துல அத்தன பேரு முன்னாடி."

"பண்ணையே சொன்னுச்சா?"

"அவரு வாயாலயே சொன்னாரு."

பிலோமி தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவிழ்ந்த மூட்டையை அப்படியே இரண்டு கையாலும் வாரிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். சவரியம்மாளுக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் அத்தனை கவுனும் தண்ணீருக்குள் போயிருந்தன.

"ஏ புள்ள! என்னா பண்ற? ஐயய்யோ, அந்த ஆளு பாக்குறாருடி!"

"பாக்கட்டும்மா. அவரு பாக்கணும்."

ஊதாத் துணி தண்ணீரில் ஊதிப் பெருகியது. பிலோமி ஒவ்வொன்றாகப் பிடித்து முக்கி, கசக்கி, கரையில் கிடந்த துவைகல்லில் இரண்டு அடி அடித்து, பிழிந்து மேலே போட்டாள். கஞ்சி வெள்ளையாகக் கலங்கிப் போனது. வெற்றிலைகள் தனியாக மிதந்துபோயின. இரண்டாவது மூட்டையையும் இழுத்துப் போட்டாள். அக்கரையில் நாகநாதன் குடையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓரம்வரை ஓடிவந்தார். "ஏய், ஏய்... டீச்சர்! என்ன காரியம் பண்றீங்க? அது யார் துணி தெரியுமா?" என்று கத்தினார். கத்திய பிறகுதான், தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டார்.

தெருவில் ஒரு கிழவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

காத்தாயி சிரிக்கவில்லை. பிழிந்த கவுன் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தாள். மொடமொடப்பு போய்த் துவண்டு கிடந்தது. பிள்ளையின் தலைவழியாக மாட்டிவிட்டாள். ஈரத்துணி பட்டதும் தையல்நாயகி நடுங்கினாள், ஆனால் கழற்ற விடமாட்டேன் என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மற்றப் பெண்களும் தயங்கித் தயங்கி வந்து எடுத்தார்கள்.

"ஒண்ணு கேக்கணும், பாப்பா" என்றாள் காத்தாயி. "இதுல உனக்கு என்னா லாபம்?"

"என்னா?"

"கொண்டாந்தவளும் நீ, நனைச்சவளும் நீ. முன்னால ஒரு கையி குடுக்குது, பின்னால ஒரு கையி கெடுக்குது. யாரு சொல்லிக்குடுத்து இத நடத்துற? எங்களத் துணி கட்ட வைக்கிறதுக்கு இது ஒரு வழியா?"

இடுப்புவரை நனைந்து பல் கிட்டிக்கொண்டு நின்றும் இன்னமும் நம்பவில்லையே என்று பிலோமிக்கு ஆற்றாமையாக இருந்தது. ஆனால் அந்த இடத்தில் தான் இருந்திருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்போம் என்றும் அவளுக்குத் தெரிந்தது.

பதில் சொன்னது சவரியம்மாள்தான். அதுவரை தலையில் கை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தவள், மகளை ஒருத்தி அப்படிக் கேட்டதும் வெடித்துவிட்டாள். "லாபமா? லாபமாடி கேக்குற? இவளுக்கு வேல போச்சுடி! இந்தத் துணிய உங்கள வாங்க வச்சா பள்ளிக்கூடத்துல வேல தர்றேன்னாரு. நாந்தான் ஒத்துக்கிட்டேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் அந்த ஆஸ்பத்திரியில ரத்தமும் நீருமா அள்ளிப் படிக்க வச்சேன். அத்தனையும் இப்ப உன் வாய்க்கால்ல போகுது. போதுமா? லாபம் கேக்குறா, லாபம்!"

இத்தனை வருஷம் தெருவின் மரியாதையைச் சம்பாதித்தவள், அதை ஒரே மூச்சில் தன் வாயாலேயே போக்கிக்கொண்டாள். காத்தாயியின் முகம் லேசாக இளகியது.

நாகநாதன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பண்ணையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர், சும்மாவா? சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, இக்கரை பூராவும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்:

"யாரு சொன்னா வேல போச்சுன்னு? அதெல்லாம் போகல, சவரியம்மா! ஐயா நேத்தே கையெழுத்துப் போட்டுட்டாரு. தை பொறந்ததும் டீச்சர் வந்து சேர்ந்துக்கலாம். சொன்ன வேலைய நல்லபடியா முடிச்சுக் குடுத்திருக்காங்களே!"

அது மெய்யா பொய்யா என்று யாருக்குத் தெரியும்? பிலோமிக்குத் தெரியவில்லை. காத்தாயியின் முகம் திரும்பவும் கல்லானது மட்டும் தெரிந்தது. அவள் குனிந்து பிள்ளையின் கழுத்தில் கை வைத்து, கவுனின் பட்டனைக் கழற்றினாள். பக்கத்தில் நின்ற பெண்களும் தங்கள் பிள்ளைகளின் சட்டையைப் பிடித்துத் தலைவழியாக உருவ ஆரம்பித்தார்கள். ஒரு வசவு இல்லை, ஒரு கேள்வி இல்லை. இதற்குமேல் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்கிற மாதிரி.

வகுப்பில் பேசினால் கடைசிப் பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று ட்ரெயினிங்கில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிலோமி அப்படித்தான் பேசினாள்.

"ஐயாகிட்ட சொல்லிடுங்க. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் வரமாட்டேன். தையிலயும் வரமாட்டேன், எப்பவும் வரமாட்டேன்."

"அவசரப்படாதீங்க, டீச்சர்" என்றார் நாகநாதன். சிரிப்பு இன்னும் போகவில்லை. "கஷ்டப்பட்டுப் படிக்க வச்சது அம்மா. அம்மாவ ஒரு வார்த்த கேளுங்க."

எல்லாரும் சவரியம்மாளைப் பார்த்தார்கள். பிலோமி பார்க்கவில்லை. அம்மா ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், அந்த வேலை திரும்பி வந்துவிடும், அதைத் தன்னால் இரண்டாவது தடவை வேண்டாம் என்று சொல்ல முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சவரியம்மாள் உட்கார்ந்தபடியே மூக்கைச் சிந்தி எறிந்தாள். அழுகையில் குரல் கம்மிப்போயிருந்தது.

"என்னை என்னாத்துக்குக் கேக்குறீங்க? அதான் அவ சொல்லிட்டாளே" என்றாள்.

காத்தாயியின் கை நின்றது. கழற்றிய பட்டனைத் திரும்பப் போட்டாள். பிறகு மற்ற வீட்டுக்காரிகளைப் பார்த்து, "என்னா வேடிக்க பாக்குறீங்க? போட்டுவுடுங்கடி, புள்ளைங்க வெறைக்குது" என்று அதட்டினாள்.

பிலோமி மீதித் துணியைப் பிழிந்து கரையில் போட்டாள். அவளுக்கு அழுகை வந்தது. வேலை போனதற்குத்தான் அழுதாள், அதில் பெருமை ஒன்றும் இல்லை. பின்னால் தண்ணீரில் யாரோ இறங்குகிற சத்தம் கேட்டது. சவரியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, அவள் கையிலிருந்த சட்டையின் மறுமுனையைப் பிடித்து முறுக்கினாள்.